நரம்பு செல் வகைகள்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலையில், கொதிக்கும் கொப்பரையின் விளிம்பில் விரல் பட்டால் கை வெடுக்கென்று விலகிவிடுகிறது. மூளை கட்டளையிட்டதால்தான் விலகியது என்றே எங்கள் பகுதி மாணவர்கள் பலர் எழுதுகிறார்கள். நியூரான் எனப்படும் நரம்பு செல்லின் வகைகளை மனப்பாடம் செய்துவிட்டு, செய்தி செல்லும் பாதையில் எது எங்கே நிற்கிறது என்று பாராததால் வரும் தவறு இது. சூட்டை அறிந்த உணர்ச்சி நியூரான் செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்ல, அங்குள்ள இணைப்பு நியூரான்கள் அதை வாங்கி இயக்க நியூரானுக்குத் தர, அது தசையைச் சுருக்குகிறது. மூளைக்கும் தகவல் போகிறது. ஆனால் கை அதற்காகக் காத்திருப்பதில்லை.

இதைப் புரிந்துகொண்டவர்களும், எல்லா அனிச்சைச் செயலிலும் இணைப்பு நியூரான் இடையில் நிற்கும் என்று எழுதிவிடுகிறார்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே தட்டும்போது, தொடைத் தசையிலிருந்து வரும் உணர்ச்சி நியூரான் அதே தசைக்குரிய இயக்க நியூரானை நேராகவே தூண்டுகிறது. காலை மடக்கும் எதிர்த்தசையைத் தளர்த்தும் கிளையில்தான் இணைப்பு நியூரான் வருகிறது.

படத்தில் நேரும் பிழைதான் என்னை மிகவும் வருத்துகிறது. செல் உடலிலிருந்து பல இழைகள் கிளைக்கும் பலமுனை நியூரானை வரைந்து, ‘உணர்ச்சி நியூரான்’ என்று பெயரிடுகிறார்கள். அது இயக்க நியூரானின் வடிவம். விரல் நுனியின் சூட்டைச் சொல்லும் நியூரானின் செல் உடல் விரலிலும் இல்லை, தண்டுவடத்துக்குள்ளும் இல்லை. கழுத்தருகே தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஒற்றை இழை இரண்டாகக் கிளைத்து, ஒன்று விரல் வரைக்கும் மற்றொன்று தண்டுவடத்துக்கும் செல்கிறது. கழுத்திலிருந்து விரல் நுனி வரை நீண்டிருப்பது ஒரே செல்! ஒருமுனை, இருமுனை, பலமுனை என்பது செல் உடலிலிருந்து எத்தனை இழைகள் கிளம்புகின்றன என்ற வடிவத்தால் வந்த பகுப்பு. உணர்ச்சி, இயக்கம், இணைப்பு என்பது பணியால் வந்த பகுப்பு. மூக்கில் மணம் அறியும் நியூரானும் உணர்ச்சி நியூரானே, வடிவத்தில் அது இருமுனை.

நரம்பும் நரம்பு செல்லும் ஒன்றல்ல. சென்னிமலைத் தறியில் பாவு வேறு, இழை வேறு. அதுபோல நரம்பு என்பது நரம்பு செல்களின் நீண்ட இழைகளான ஆக்ஸான்கள் பல உறைக்குள் சேர்ந்த கட்டு. நியூரான்களைத் தாங்கிப் பேணும் கிளியா செல்கள் அவற்றைவிடப் பத்து மடங்கு என்ற பழைய கணக்கையும் விட்டுவிட வேண்டும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்களும் ஏறத்தாழ அதே அளவு பிற செல்களும் உள்ளன என்பதே 2009இல் வெளியான எண்ணிக்கை.

எல்லா ஆக்ஸானுக்கும், செய்தியை விரைவாகக் கடத்த உதவும் கொழுப்புப் படலமான மையலின் உறை உண்டு என்று எழுதுவதும் பிழை. கொப்பரை சுட்டதும் சுரீரென்று எழும் முதல் வலி மெல்லிய மையலின் உறையுள்ள இழைகளில் விரைந்து வருகிறது. பிறகு நெடுநேரம் நிற்கும் எரிச்சல், மையலின் இல்லாத இழைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் பின்னால் வந்து சேர்கிறது.