கோத்தகிரில உக்காந்து கடற்கரை மேப் போடுறது எப்படி? (ட்ரோன் போட்டோ + டெம், அதாவது தரையோட உயரத்தச் சொல்ற ஃபைல்)

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாடு பக்கம் இருக்குற சித்தப்பா பையன் கரையோரமா ட்ரோன் ஓட்டி எடுத்த போட்டோவை எல்லாம் அனுப்பி "மேப்பா போட்டுக் குடுண்ணே"ன்னான். போட்டுக் குடுத்தாச்சு, அதான் இந்தப் பதிவு. க்யூஜிஐஎஸ் (மேப் போடுற இலவச சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கிறேன்.

படி 1: போட்டோ. முன்பக்க ஓவர்லாப், அதாவது ஒரு போட்டோவும் அடுத்ததும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற அளவு, 80%, பக்கவாட்டுல 70%. கடல்தான் தொல்லை, ரெண்டு போட்டோவுலயும் இருக்குற ஒரே புள்ளிய வச்சுத்தான் சாஃப்ட்வேர் ஒட்டுது, அலை அதுக்குள்ள நகர்ந்துடும்ல, அதனால ஒவ்வொரு போட்டோவுலயும் பாதியாவது தரை இருக்கணும். உச்சி வெயில்ல தண்ணி பளபளக்கும், காலைல எடுங்க. முதல்ல நம்ம மலைல ஏதாவது தோட்டத்துக் குட்டையில பழகுறவங்க டெரைன் ஃபாலோ ஆன் பண்ணிக்கோங்க, இல்லன்னா ட்ரோன் கிளம்பின இடத்துல இருந்துதான் உயரத்த கணக்கு பண்ணும், தேயிலைச் சரிவு மேல ஏற ஏற தரை கிட்ட வந்து ஓவர்லாப் குறைஞ்சிடும். வெல்லிங்டன் கண்டோன்மென்ட் பக்கமும் ரிசர்வ் ஃபாரஸ்ட் பக்கமும் ட்ரோன வெளிலயே எடுக்காதீங்க.

படி 2: ஒட்டுறது. ட்ரோன் போட்டோவையெல்லாம் ஒரே மேப்பா ஒட்டுற இலவச சாஃப்ட்வேர் வெப்ஓடிஎம் போதும். காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் எல்லாம் ஆரம்பத்துல வேஸ்ட்டுங்கிறது என் கருத்து. ரேம் மட்டும் தாராளமா இருக்கட்டும்.

படி 3: ப்ரொஜெக்‌ஷன். உருண்ட பூமிய தட்டையான மேப்பா மாத்துற முறை இது. யூடிஎம் முறைல பூமிய 6 டிகிரி பட்டைகளா பிரிச்சு நம்பர் போட்டிருக்காங்க, 78 டிகிரில பட்டை மாறுது. நீலகிரி யூடிஎம் 43, சாஃப்ட்வேர்ல குடுக்குற இபிஎஸ்ஜி கோடு 32643. மணப்பாடு 78 டிகிரிக்குக் கொஞ்சம் கிழக்க இருக்கு, அதனால 44, 32644. பழகின ஃபைல காப்பி பண்ணி வேலை செய்றவங்க இத மாத்த மறந்துடாதீங்க.

படி 4: உயரம். எல்லாரும் மாட்டுறது இங்கதான், பொறுமையா படிங்க. சுத்துவட்டாரத்துக்கு டெம் வேணும்னு இஸ்ரோவோட புவன் தளத்துல இருந்து கார்ட்டோடெம் (இஸ்ரோ செயற்கைக்கோள் டெம்) இறக்கிப் போட்டா கடற்கரை முழுக்க மைனஸ் தொண்ணூறு சொச்சம்னு காட்டும். ஃபைல்ல கோளாறு இல்ல. அது எலிப்சாய்ட் உயரம், அதாவது பூமிய லேசா தட்டையான சீரான உருண்டையா வச்சு அதுல இருந்து கணக்கு பண்ணது, கடல்மட்டத்துல இருந்து அளந்தது இல்ல. பூமியோட ஈர்ப்பு நம்ம பக்கம் குறைவா இருக்குறதால கடல்மட்டமே எலிப்சாய்டுக்குக் கீழ இறங்கிக் கிடக்கு, இலங்கைக்குத் தெக்க அது 106 மீட்டர் வரைக்கும் போகுது. நம்பலன்னா ஊட்டி ரயில்வே ஸ்டேஷன் மேல கர்சர வைங்க. மலை ரயில் 326 மீட்டர்ல ஆரம்பிச்சு 2,203 மீட்டர் வரைக்கும் ஏறுது, ஆனா கார்ட்டோடெம்ல ஸ்டேஷன் 2,100 சொச்சத்துல நிக்கும்.

சரி பண்ண, ப்ராஜ் (PROJ) தளத்துல ஈஜிஎம்2008 கிரிட், அதாவது எலிப்சாய்டுல இருந்து கடல்மட்டம் எவ்வளவு மேல கீழ இருக்குன்னு இடத்துக்கு இடம் சொல்ற ஃபைல், டிஃப் (.tif) ஃபைலா கிடைக்கும், அத உங்க டெம்மோட எக்ஸ்டென்ட்டுக்கு (அது மூடுற பரப்புக்கு) பொருந்துற மாதிரி வார்ப் பண்ணிட்டு ராஸ்டர் கால்குலேட்டர்ல டெம்ல இருந்து கிரிட்ட கழிங்க. கிரிட் மதிப்பே மைனஸ், அதனால கழிச்சா கூடும், பயப்படாதீங்க. ஊட்டிக்கு வந்த வித்தியாசத்த அப்படியே மணப்பாட்டுக்குக் கூட்டிடலாமேன்னு தோணும். கூடாது, இடத்துக்கு இடம் மாறும், சில மீட்டர் போயிடும்.

படி 5: கரைக்கோடு. பூஜ்ஜியம் மீட்டர் கான்டூர (அந்த உயரத்துல இருக்குற புள்ளிகள சேர்க்குற கோட்ட) எடுத்து இதுதான் கரைன்னு சொல்றவங்க நிறைய, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. 30 மீட்டருக்கு 1 மீட்டர் சரியுற மணல்ல, உயரத்துல 1 மீட்டர் தப்புன்னா கோடு 30 மீட்டர் தள்ளிப் போகும். அதனால தட்டையான மணல்ல போட்டோவப் பாத்து ஈர மணலும் காஞ்ச மணலும் சேர்ற இடத்த கையால வரைங்க, டெம்ம சிலுவைக் கோயில் நிக்குற அந்த மணல் குன்று மாதிரி மேட்டுக்கு வச்சுக்கோங்க. போட்டோ எடுத்த தேதி, நேரம் ரெண்டையும் லேயர்லயே எழுதிடுங்க. ஓதம் ஏறுனா கோடும் ஏறும், சர்வே ஆஃப் இந்தியா ஓத அட்டவணைய வச்சு அப்புறம் ஒத்துப் பாக்கலாம்.

அப்டேட்: ஐரோப்பாவோட கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் டெம் எடுத்தவர் ஒருத்தர் படி 4 செஞ்சதும் கடல் நூறு மீட்டர் மேல ஏறிடுச்சுன்னு கேட்டிருந்தார். அது வரும்போதே ஈஜிஎம்2008 உயரம், அதாவது கடல்மட்டத்துல இருந்து அளந்தது சார், கழிக்கவே வேண்டாம். நாசாவோட எஸ்ஆர்டிஎம் டெம்மும் அப்படித்தான், ஆனா அது ஈஜிஎம்96 (இதுக்கு முந்தின கடல்மட்டக் கணக்கு), 2000 பிப்ரவரில எடுத்தது, மணல் நகர்ற இடத்துக்கு ரொம்பப் பழசு.