வளைகுடாவிலிருந்து தனியாக வரும் பிள்ளையை வீட்டில் ஏற்பது எப்படி

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது எனக்கு வயது பதினான்கு. சவூதி அரேபியாவின் தம்மாமில் வேலை பார்த்த அப்பா, சண்டை மூளுமுன் என்னைப் பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்று அக்கா மகனையோ தம்பி மகளையோ அப்படி வரவழைக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலைப் பிள்ளையின் கைப்பையிலேயே கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழில் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் கேட்கும் பள்ளிகள் உண்டு என்பதால், அதை அங்கேயே முடித்துவிடுவது நல்லது. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே பத்திலோ பன்னிரண்டிலோ படிக்கும் பிள்ளைக்கு அதே வாரியத்துப் பள்ளியையே தேடுங்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கும் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம். அதை நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டாதீர்கள்.

திருவனந்தபுரத்தில் இறங்குகிறவனை அழைத்துவர, அவனுக்கு முகம் தெரிந்த ஒருவரே போகவேண்டும். நாகர்கோவில் வழியாக வரும் நெடுநேரப் பயணத்தில் விசாரணை எதுவும் வேண்டாம், தூங்கட்டும்.

நான் வந்து மூன்று வாரம் பெட்டியைப் பிரிக்கவில்லை. பிரித்தால் இங்கேயே தங்கிவிடுவேன் என்று பயந்தேன். ஆச்சி வற்புறுத்தவில்லை, தன் மர அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, பழைய செய்தித்தாளை விரித்து, “இது ஒனக்குள்ளது மக்கா, எப்ப தோணுதோ அப்ப வையி” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நீங்களும் அப்படி ஓர் இடத்தை முதல் நாளே ஒதுக்கிக் கொடுங்கள்.

செய்தியை மறைக்காதீர்கள். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் ஈராக்கின் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்ததை மாமா என்னிடம் சொல்லவில்லை. பள்ளியில் ஒரு பையன் செய்தித்தாளைக் காட்டினான். தம்மாமுக்குப் பக்கத்து ஊர் அது என்பது அந்த வகுப்பில் எனக்கு மட்டுமே தெரியும். மாலை மணியடிக்கும்வரை நான் யாரிடம் கேட்பேன்? எந்தச் செய்தியானாலும் பெரியவர்கள் முதலில் சொல்லி, வரைபடத்தில் இடத்தைக் காட்டி, பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தொலைபேசிக்கு ஒரு நேரம் வையுங்கள். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் இருப்பதால், இங்கே இரவு ஒன்பதுக்கு அங்கே மாலை ஆறரை. போர்க்காலத்தில் இணைப்பு கிடைக்காமல் போவது உண்டு என்பதை முன்பே விளக்கி, அழைப்பு வராத இரவில், மறுநாள் எத்தனை மணிக்கு மறுபடி முயலப்போகிறீர்கள் என்பதை அவன் படுக்கப்போகுமுன் சொல்லிவிடுங்கள்.