ஒரே அச்சில் வரும் ஆங்கில வாக்கியங்களை மாற்றி அமைப்பது எப்படி?

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, நாள்தோறும் ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டிய நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவர்களில் பலருடைய ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை அதிகம் இருப்பதில்லை. ஆனால் எல்லா வாக்கியமும் எழுவாயில் தொடங்கி நான்கைந்து சொற்களில் முடிந்துவிடுவதால், எது காரணம், எது விளைவு, எது முக்கியம் என்பது படிப்பவருக்குப் பிடிபடுவதில்லை. அதே மனிதர் தமிழில் இப்படி எழுதவே மாட்டார். “திங்கட்கிழமை காலை மோட்டாரைப் பார்த்தபோது கசிவு தெரிந்ததால், பிளம்பரை வரவழைத்து வாஷரை மாற்றச் சொன்னேன்” என்று ஒரே மூச்சில் கோத்துவிடுவார். வினையெச்சமும் பெயரெச்சமும் யாரும் சொல்லித்தராமலே நமக்குக் கைவந்தவை. அவற்றை ஆங்கிலத்தில் எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படித்தால் நன்றாகப் பதியும்.

படி 1: தொடக்கச் சொல்லையும் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

பெங்களூரின் பெல்லந்தூர் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சூப்பர்வைசர், குடியிருப்போர் சங்கத்துக்கு அனுப்பும் மெயில் இது என்று வைத்துக்கொள்வோம்:

“ஐ செக்ட் த மோட்டார் ஆன் மண்டே மார்னிங். ஐ ஃபவுண்ட் எ லீக். ஐ கால்ட் த பிளம்பர். ஹீ கேம் அட் ஃபோர். ஹீ சேஞ்ச்ட் த வாஷர். த வாட்டர் சப்ளை இஸ் நார்மல் நவ்.”

ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் வட்டமிடுங்கள்: ஐ, ஐ, ஐ, ஹீ, ஹீ, த. பிறகு சொற்களை எண்ணுங்கள்: 7, 4, 4, 4, 4, 6. ஆறு வாக்கியமும் சரியான ஆங்கிலம்தான். ஆனால் பிளம்பர் நான்கு மணிக்கு வந்தார் என்ற சிறு தகவலும், தண்ணீர் சீராகிவிட்டது என்ற பெரிய தகவலும் ஒரே எடையில் நிற்கின்றன.

படி 2: சொந்தமுள்ளவற்றை இணையுங்கள்

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். “பார்த்தபோது” என்று வாயில் வந்தால் ஆங்கிலத்தில் “வென்”. “கசிந்ததால்” என்றால் “பிகாஸ்”. “வந்தாலும்” என்றால் “ஆல்தோ”. “நான்கு மணிக்கு வந்த பிளம்பர்” என்று பெயரெச்சம் வந்தால் “ஹூ”. ஆளாக இல்லாமல் பொருளாக இருந்தால் “விச்” அல்லது “தட்”. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும், ஆங்கிலத்தில் அந்தப் பகுதி பெயருக்குப் பின்னால் போகும். தடுமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. இணைத்த பிறகு மெயில் இப்படி ஆகும்:

“வென் ஐ செக்ட் த மோட்டார் ஆன் மண்டே மார்னிங், ஐ ஃபவுண்ட் எ லீக். ஐ கால்ட் த பிளம்பர், ஹூ கேம் அட் ஃபோர் அண்ட் சேஞ்ச்ட் த வாஷர். த வாட்டர் சப்ளை இஸ் நார்மல் நவ்.”

ஒரு தகவலும் விட்டுப்போகவில்லை. முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு சொற்கள். ஆனால் ஒன்று “வென்” என்று தொடங்குகிறது, மற்றது “ஹூ” என்று நீள்கிறது. ஆகவே நீளம் ஒன்றாக இருப்பது உறுத்தவில்லை. கடைசி வாக்கியம் குட்டையாகத் தனித்து நிற்பதால்தான் கண்ணில் படுகிறது. அதை எதனோடும் இணைக்காதீர்கள்.

சம எடையுள்ள இரண்டு செய்திகளை இணைக்க ஆங்கிலத்தில் ஏழு சிறு சொற்கள் இருக்கின்றன: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. முழு வாக்கியம் இரண்டை இவற்றால் இணைத்தால் சொல்லுக்கு முன் ஒரு காற்புள்ளி போடுவது வழக்கம். தமிழில் “டேங்கர் தாமதமாக வந்தது, நான் இரண்டு முறை அழைத்தேன்” என்று வெறும் காற்புள்ளியால் இரண்டு முற்றுவினைகளை ஒட்டவைப்போம். ஆங்கிலத்தில் அது பிழை. முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, அல்லது அந்த ஏழில் ஒரு சொல் வேண்டும்.

படி 3: தொங்கும் எச்சத்தைத் தேடிப் பிடியுங்கள்

இது நமக்கு எளிதில் வந்துவிடும் சிக்கல் என்பதால் சற்று நின்று பார்ப்பது நல்லது. “வாஷரை மாற்றிய பிறகு தண்ணீர் வந்தது” என்பது நல்ல தமிழ். மாற்றியவர் யார் என்று சொல்லாவிட்டாலும் புரிந்துவிடும். அதை அப்படியே கொண்டுபோய் “ஆஃப்டர் சேஞ்சிங் த வாஷர், த வாட்டர் கேம் பேக்” என்று எழுதினால், தண்ணீரே வாஷரை மாற்றியது என்று பொருள்படும். “ஐஎன்ஜி”யில் முடியும் சொல்லோடு வாக்கியம் தொடங்கினால், காற்புள்ளியை அடுத்து வரும் எழுவாய்தான் அந்தச் செயலைச் செய்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தின் எதிர்பார்ப்பு. இப்படி எழுவாயோடு ஒட்டாத பகுதியை அவர்கள் டேங்லிங் மாடிஃபையர் என்கிறார்கள்.

தமிழும் பொதுவாக “செய்து” என்னும் எச்சத்துக்கு ஒரே எழுவாயைத்தான் கேட்கும். ஆனால் “ஞாயிறு பட்டு வந்தான்” (சூரியன் மறைந்தபின் வந்தான்) என்பதில் பட்டது ஞாயிறு, வந்தவன் மனிதன். இதை வினையெச்சத் திரிபு என்று வகுத்து நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆங்கில எழுத்து நடையில் அந்தச் சலுகை இல்லை. தீர்வு எளிது: செய்தவரை உள்ளே கொண்டுவாருங்கள். “ஆஃப்டர் த பிளம்பர் சேஞ்ச்ட் த வாஷர், த வாட்டர் கேம் பேக்.” வாக்கியத்தின் தொடக்கத்தை மாற்றிப் பழகும் எல்லோரும் இதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்; இங்கே வரும் பிழை பொருளையே மாற்றிவிடுகிறது.

படி 4: எதை முன்னால், எதை பின்னால்?

“பிகாஸ் வி ஆர் கிளீனிங் த சம்ப், தேர் வில் பி நோ வாட்டர் ஃப்ரம் டென் டு ஃபோர்.” இதையே திருப்பி, “தேர் வில் பி நோ வாட்டர் ஃப்ரம் டென் டு ஃபோர் பிகாஸ் வி ஆர் கிளீனிங் த சம்ப்” என்றும் எழுதலாம். காரணம் முன்னால் வந்தால் காற்புள்ளி தேவை. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. காரணத்தை முதலில் சொல்வது தமிழர்களுக்கு இயல்பாக வரும். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் இறுதியில் அழுத்தம் விழும் என்பதால், மெயிலில் முதல் வடிவம் நேரத்தை மனத்தில் நிறுத்தும். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால், போனின் திரையில் வரும் அறிவிப்பில் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும். அங்கே “நோ வாட்டர்” முன்னால் வந்தே ஆக வேண்டும்.

எங்கே மாற்றக்கூடாது?

பாதுகாப்பு அறிவிப்பிலும் செயல்முறைக் குறிப்பிலும் வாக்கியங்கள் குட்டையாக, ஒரே அச்சில் இருப்பதுதான் நல்லது. “டோன்ட் ஸ்விட்ச் ஆன் த மோட்டார். கால் த எலக்ட்ரீஷியன்.” இதில் “வென்” வேண்டாம், “விச்” வேண்டாம்.

பயிற்சி

இந்த மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: “த டேங்கர் கேம் அட் நைன். இட் வாஸ் ஹாஃப் எம்ப்ட்டி. ஐ ரெஃப்யூஸ்ட் டு சைன் த பில்.” கையெழுத்திடாததற்குச் சங்கம் காரணம் கேட்கிறது என்றால், “பிகாஸ் த டேங்கர் தட் கேம் அட் நைன் வாஸ் ஹாஃப் எம்ப்ட்டி, ஐ ரெஃப்யூஸ்ட் டு சைன் த பில்” என்று ஒன்றாக்கலாம். நடந்ததை மட்டும் பதிவு செய்ய வேண்டுமானால், முதல் இரண்டை “பட்” கொண்டு இணைத்துவிட்டு மூன்றாவதைத் தனியே விடலாம். “கமிங் அட் நைன், ஐ ரெஃப்யூஸ்ட் டு சைன் த பில்” என்று எழுதியிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். ஒன்பது மணிக்கு வந்தது டேங்கர், நீங்கள் அல்ல.