தோட்டத்து மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

பத்துப் பதினைந்து கப்பி மீனும் ஒரு அல்லிச் செடியும் இருக்கிற தொட்டிக்கு ஃபில்டரே வேண்டாம். அந்தக் கழிவைச் செடியும் பாசியும் பார்த்துக்கொள்ளும். கோய், தங்கமீன் என்று தினமும் தீனி போட்டு வளர்க்கிற மீன்கள் வந்தால்தான் செலவு செய்ய வேண்டும்.

பெட்டியின் மேல் ‘10,000 லிட்டர் தொட்டிக்கு’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது மீன் குறைவாக உள்ள தொட்டிக்குப் போட்ட கணக்கு. ஃபில்டருக்கு வேலை வைப்பது தீனிதான். 35 சதவீதம் புரதம் உள்ள தீனி 100 கிராம் போட்டால், நைட்ரஜன் கணக்கில் ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும். உதாரணத்துக்கு, தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் 100 கன அடி. கன அடிக்கு 28.3 வீதம் 2,830 லிட்டர். இதில் 3 கிராம் சேர்ந்தால் ஒரே நாளில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏறிவிடும். தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கும்போது பி.எச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7 என்றால், அந்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச் 9 ஆனால் நாற்பது பங்கைத் தாண்டும். புதுச் சிமெண்ட் தொட்டியில் பி.எச் அந்த அளவுக்கு ஏறுவது சாதாரணம். அதனால் நாலைந்து தடவை தண்ணீர் நிரப்பி, ஊறவிட்டுக் கொட்டி, பி.எச் இறங்கிய பிறகுதான் மீன் விட வேண்டும்.

தொட்டிக்குள்ளேயே போடும் பெட்டி ஃபில்டர் 500 லிட்டர் வரைக்கும் சரி, அதற்கு மேல் வாரம் இரண்டு தடவை கழுவியே அலுத்துவிடும். மூடிய பிரஷர் ஃபில்டரை மண்ணில் பாதி புதைத்து, தண்ணீரை மேலே அருவிக்கு ஏற்றலாம். ஆனால் உள்ளே இடம் குறைவு, விலையும் அதிகம். நீச்சல் குளத்து மணல் ஃபில்டர் பக்கமே போக வேண்டாம். மீன் கழிவு பட்டால் மணல் கட்டிதட்டிவிடும்.

மேலே சொன்ன அளவுத் தொட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம்மில் நாமே செய்வதுதான் நல்லது. ரசாயனம் இருந்த டிரம் ஆகாது, உணவுப்பொருள் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே ஏறி வெளியேற வேண்டும். அடியில் ஒன்றரை அங்குல டேங்க் நிப்பிள் (டிரம் சுவரில் குழாயை இணைக்கும் துண்டு) போட்டு வால்வு மாட்டினால், வாரம் ஒரு தடவை சேற்றைத் திறந்துவிடலாம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்தால் கீழே சேறு தங்க இடம் கிடைக்கும். கூடை மேல் முரட்டு ஸ்பாஞ்ச் அல்லது பிரஷ், அதற்கு மேல் ஜப்பான் மேட் (முரட்டு நார்ப் பாய்), கடைசியில் வலைப்பையில் பயோ பால் (ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பந்துகள்). இந்த வரிசை மாறினால், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா குடியிருக்கும் பயோ பாலில் சேறு அடைத்து, காற்றில்லாமல் அவை செத்துப்போகும். ஜல்லியும் போடலாம்தான், ஆனால் கழுவ எடுக்கும்போது இடுப்பு சொல்லும்.

அதிகம் பேர் தவறுவது குழாய் அளவில். உள்ளே வருவது 1 அங்குலம் என்றால், வெளியே போவது 2 அங்குலம் இருக்க வேண்டும். உள்ளே பம்ப் தள்ளுகிறது, வெளியே தண்ணீர் தன் எடையில்தான் வடிகிறது. சின்னக் குழாயோ அதில் சிக்கிய ஒரு இலையோ போதும், டிரம் வழிந்து தொட்டித் தண்ணீர் முழுக்க மண்ணுக்குப் போகும். இதற்காகவே பம்பைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். எது நடந்தாலும் மீனுக்கு அரை அடித் தண்ணீர் மிஞ்சும்.

தொட்டித் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது டிரம்மைச் சுற்றி வர வேண்டும். நம் கணக்குக்கு அது மணிக்கு 1,415 லிட்டர். கோய் நிறைய என்றால் இரு மடங்கு. பம்ப் பெட்டியில் இருக்கும் எண், தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. டிரம் உயரத்துக்கு ஏற்றும்போது குறையும். பொருத்தியதும் 20 லிட்டர் வாளியைத் திரும்பி வரும் குழாயடியில் பிடித்து, நிரம்பும் நொடிகளால் 72,000-ஐ வகுத்துப் பாருங்கள். 40 நொடி என்றால் மணிக்கு 1,800 லிட்டர். பம்ப் 24 மணி நேரமும் ஓடும்; 40 வாட் என்றால் மாதம் 29 யூனிட். லைனில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இல்லாமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

யூவி (புற ஊதா) விளக்கு பாசியால் பச்சையான தண்ணீரைத் தெளிய வைக்கும், அம்மோனியாவைத் தொடாது. குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடத்தில் வீரியம் போய்விடும், மாற்றிவிடுங்கள்.

பாக்டீரியா பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தீனியைக் கிள்ளிப் போடுங்கள். ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் சீக்கிரம் பிடிக்கும், நோயில்லாத தொட்டியாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச், மேட்டைக் கழுவுவது தொட்டித் தண்ணீரில்தான். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் அலசினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

கரண்ட் மூன்று நான்கு மணி நேரம் போய்விட்டால், வந்ததும் பம்பைப் போட்டுவிடக் கூடாது. டிரம்முக்குள் நின்ற தண்ணீர் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுத்திருக்கலாம். அடி வால்வைத் திறந்து அதை வாழைக்கு விட்டுவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.