பம்பெர்க் நகரத்துப் புகைப் பியரைச் சுவைக்கும் முறை

ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டியில், சொக்லேற்றுக்கும் உடுப்புகளுக்கும் நடுவே துவாயில் சுற்றிய போத்தல் ஒன்று வந்து சேர்வது யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதிதல்ல. என் மைத்துனர் அவ்வாறு கொண்டுவந்த முதலாவது புகைப் பியரை நான் நன்றாகக் குளிரவைத்து நண்பர் ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு, கருவாடு சுட்ட சட்டியைக் கழுவிய தண்ணீர் போல இருக்கிறது என்று கிளாஸைத் தள்ளி வைத்தார். அதை அவருக்குக் கொடுத்த விதம் பிழையானது என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. அதே பியரை இப்போது அவர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார் என்பதால், இடையில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பியருக்கான வாற்கோதுமையை நனைத்து முளைக்கவிட்டு, பிறகு உலர்த்தி மோல்ட் ஆக்குவார்கள். புகை தானியத்தில் படாமல் உலர்த்தும் சூளைகள் பரவுவதற்கு முன்னர், விறகு நெருப்பில் உலர்த்திய மோல்ட்டில் புகை மணம் ஏறுவது இயல்பாகவே இருந்தது. மற்ற ஊர்கள் அந்த மணத்தைக் கைவிட்டபோது, பவேரியாவின் வடபகுதியிலுள்ள பம்பெர்க் நகரம் அதைக் காப்பாற்றி வைத்துக்கொண்டது. அங்குள்ள ஷ்லெங்கர்லா, ஸ்பெட்சியால் என்னும் இரண்டு மதுவடிசாலைகளும் இன்றும் தமக்கு வேண்டிய மோல்ட்டைத் தாமே பீச் (beech) என்னும் ஐரோப்பியக் காட்டுமர விறகின் புகையில் உலர்த்துகின்றன. ஷ்லெங்கர்லா பற்றிய பதிவு 1405 ஆம் ஆண்டுக்குப் பின்செல்கிறது. ஸ்பெட்சியால் 1536 இலிருந்து இயங்குகிறது. எங்கள் ஊரில் புகையிலையைக் குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டையால் புகை போடுவதைக் கண்டவர்களுக்கு, ஈரமான பொருள் எப்படிப் புகையை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மூக்கில் முதலில் படுவது புகையூட்டிய இறைச்சியின் வாடை. ஐரோப்பாவில் இறைச்சிக்குப் புகையூட்டுவதற்கும் பீச் மரத்தையே பெரிதும் பயன்படுத்துவதால் அந்த நினைவு வருகிறதே தவிர, இந்தப் பியரில் தண்ணீர், மோல்ட், ஹொப் பூ, நொதியம் என்பவற்றைவிட வேறெதுவும் இல்லை. சைவ உணவுக்காரரான என் அயலவர் ஒருவர் இதனாலேயே நெடுநாள் தயங்கினார். அந்தத் தயக்கம் தேவையற்றது.

எங்கள் வெக்கைக்குப் பியர் என்றால் பல் கூசும் குளிரில் இருக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். புகைப் பியருக்கு அது பொருந்தாது. மிகுந்த குளிரில் மோல்ட்டின் இனிமை அடங்கிப்போக, நாவில் கரிப்பும் கசப்பும் மட்டுமே எஞ்சும். எட்டு முதல் பத்துப் பாகை வரையிலான குளிரே நல்லது. ஆகவே பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தலை ஏறத்தாழ 15 நிமிடம் மேசையில் வைத்துவிட்டுத் திறவுங்கள். கிளாஸ் கண்ணாடியாக இருக்கட்டும். மீனோ தேங்காயெண்ணெயோ பட்ட கையால் அதன் விளிம்பைத் தொட்டால் நுரை உடனே செத்துவிடும். அதைவிட முக்கியமானது, விறாந்தையில் இருந்து குடிப்பவர்கள் நுளம்புத்திரியை அணைத்துவிட வேண்டும். சாம்பிராணியும் சிகரெட்டும் அப்படியே; வெளிப்புகை சூழ்ந்திருக்கும் இடத்தில் உட்புகையின் நயம் தெரியாது.

இனி, குடிப்பது. முதல் மிடறைக் கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். இந்தப் பியரின் ருசி மூன்றாவது கிளாஸில்தான் பிடிபடும் என்று பம்பெர்க்கில் சொல்வார்கள். அங்கே ஒரு கிளாஸ் என்பது அரை லீற்றர் என்பதால், நம் சூட்டில் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம். ஒரு போத்தலைச் சிறிது சிறிதாக மூன்று முறை ஊற்றி, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுத்துக் குடித்தாலே போதும். மூக்கு ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும்போது அதற்குப் பழகிவிடுகிறது. முதலில் எல்லாவற்றையும் மூடி நின்ற புகை அப்படி மெல்ல விலக, அதன் பின்னாலிருந்து நெஸ்டோமோல்ட்டை நினைவூட்டும் தானிய இனிமையும், சுட்ட பாண் மேலோட்டின் ருசியும், கடைசியில் தொண்டையை உலர்த்தும் ஹொப்பின் கசப்பும் ஒவ்வொன்றாக வெளிவரும். பனங்கள்ளைப் பிளாவில் குடித்தவர்கள் ஓலையின் மணத்தையும் கள்ளின் சுவையையும் சேர்த்தே ரசிப்பதைப் போல, புகையும் மோல்ட்டும் ஒன்றாகிவிடும் அந்த இடத்துக்காகத்தான் நான் இதைக் குடிக்கிறேன்.

எந்த வகையில் தொடங்குவது என்று கேட்டால், ஸ்பெட்சியாலின் லாகரைச் சொல்வேன். அதில் புகை மென்மையானது. ஷ்லெங்கர்லாவின் ஹெல்லஸ் என்னும் வெளிர்நிறப் பியர் இன்னும் மெலிது: அதில் புகை மோல்ட்டே சேர்வதில்லை, புகைப் பியர் காய்ச்சும் அதே கொப்பரைகளும் அதே நொதியமும் கொடுக்கும் இலேசான வாசம் மட்டுமே உண்டு. இவற்றுக்குப் பின்னர் அதே ஷ்லெங்கர்லாவின் 5.1 சதவீத மதுசாரமுள்ள மேர்ட்சென்னுக்கு வரலாம். பெயர்பெற்ற கரும்பழுப்புப் பியர் அதுவே. குளிர்காலத்துக்கென வரும் ஊர்பொக் 6.5 சதவீதம். நத்தார் காலத்து ஐஷே 8 சதவீதம். அதற்கு மோல்ட்டை ஓக் மரப்புகையில் உலர்த்துவதால் புகை உருண்டையாகவும் இனிமையாகவும் இருக்கும். இவ்விரண்டையும் ஒரே இரவில் திறப்பதும், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவதும் கூடாது.

கூடச் சாப்பிடுவதற்குச் சுட்ட கச்சானும், அவித்த பனங்கிழங்கும், உப்பும் மிளகும் மட்டும் தடவித் தணலில் சுட்ட பாரையும் மிகப் பொருத்தம். எங்கள் வீட்டு நண்டுக்குழம்பை நான் எவ்வளவு விரும்பினாலும், மிளகாய்த்தூள் தூக்கலான கறியை இதனுடன் வைக்க மாட்டேன். காரமும் பியரின் வாயுவும் சேர்ந்து நாக்கை எரித்தால் மோல்ட்டின் இனிமைக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

கிளாஸின் அடியில் இரண்டு மிடறை விட்டு வையுங்கள். அறைச்சூடு ஏறி, நுரை அடங்கிய பிறகு அதை முகர்ந்தால், இறைச்சியின் வாடை போய், தணல் அவிந்த அடுப்படியில் அடுத்த நாள் காலை நிற்கும் அந்த இலேசான மணம் வரும். அதற்குப் பிறகு அந்த இரண்டு மிடறையும் குடியுங்கள்.