ஊர் வீட்டில் மாதக்கணக்கில் நிற்க எந்த விசா?

வைகாசி பிறந்தால் இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு, அம்பாறை என்று எங்கள் பக்கம், வெளிநாட்டில் குடியேறிய எங்கள் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கண்ணகை அம்மன் கோயில் திருக்குளிர்த்தித் திருவிழாவுக்கென்று வந்து இறங்குபவர், அப்படியே உகந்தை முருகனிடமும் போய், ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடிவிட்டுத்தான் திரும்புவேன் என்பார். வைகாசிப் பூரணையில் இருந்து ஆடி அமாவாசை வரை எண்ணினால் சில வருடம் ஒன்றரை மாதம் வரும், சில வருடம் இரண்டரை மாதமே வந்துவிடும். கையில் இருப்பதோ 30 நாள் விசா. இருபத்தைந்தாவது நாளில்தான் ‘தம்பி, இதை நீடிக்க வேணுமாமே, எங்க போறது?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டுவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியிலோ தம்பிலுவிலிலோ கல்லடியிலோ ஒரு வீட்டைக் கட்டி, மாபிள் போட்டு, ஏசியும் பூட்டி, வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்க விட்டவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். வயது போகப் போக அந்த வீட்டில் நாலைந்து மாதம் நிற்க ஆசை வருகிறது. வீடு கட்டுவதற்குக் காட்டிய கவனத்தில் கால்வாசியை விசாவுக்குக் காட்டினால் போதும், வீணான அலைச்சல் இருக்காது.

படிவத்தைத் திறக்கும் முன் ஒரு கொப்பித் தாளை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள். அடுத்த மூன்று நாலு வருடத்தில், வருடத்துக்கு எத்தனை நாள் உண்மையாகவே இங்கே நிற்பீர்கள்? வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? நீங்கள் இருக்கும் நாட்டில், நீண்ட நாள் வெளியே நின்றால் எதை இழப்பீர்கள்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய அடி விழுவதும் அங்கேதான்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மாவின் வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அக்கா இப்போது சுவிஸ் பிரஜை, ஆகவே அவவுக்கு இங்கே வர விசா வேண்டும். அத்தானோ இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு சுவிஸின் சி அனுமதியில் (அங்கே நிரந்தரமாக வதியும் அனுமதியில்) இருப்பவர், அவருக்கு இங்கே விசாவே தேவையில்லை, விரும்பிய காலம் நிற்கலாம். ஆனால் முன்கூட்டி அனுமதி எடுக்காமல் ஆறு மாதத்துக்கு மேல் சுவிஸுக்கு வெளியே நின்றால் அந்த சி அனுமதி காலாவதியாகிவிடும். ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுக்கும் இரண்டு பேர், ஒருவருக்குக் கட்டுப்பாடு இந்தப் பக்கம், மற்றவருக்கு அந்தப் பக்கம். அதனால் ‘குடும்பத்துக்கு ஒரு விசா’ என்று யோசிக்காதீர்கள், ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக யோசியுங்கள்.

சரி, சுற்றுலா விசாவில் இருந்து தொடங்கலாம். 2012 ஜனவரியில் இருந்து இது இணையத்தில் எடுக்கும் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி முறையில் நடக்கிறது. முதலில் 30 நாள் கிடைக்கும், அதை நீடித்து ஆறு மாதம் வரை கொண்டுபோகலாம். நீடிப்பையும் இணையத்திலேயே கேட்கலாம், ஆனால் கையில் உள்ள நாள் முடியும் முன் கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் தண்டப்பணம் கட்டுவதோடு, அடுத்த முறை வரும்போது விமான நிலையத்தில் விளக்கமும் சொல்ல வேண்டி வரும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், திரும்பிப் போகும் ரிக்கெட் கையில் இருக்க வேண்டும். கட்டணத்தை நான் இங்கே எழுதவில்லை, அது நாட்டுக்கு நாடு வேறு, காலத்துக்குக் காலம் மாறுவது. 2024 ஏப்ரலில் இந்த முறையையே ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்து, ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, செப்டம்பர் கடைசியில் பழைய ஈடிஏ திரும்ப வந்த கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். அதனால் போன வருடம் தம்பிக்காரன் எடுத்த மாதிரியே எடுப்போம் என்று இருக்காமல், பயணத்துக்கு முன் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தை ஒருமுறை பாருங்கள். கூகுளில் முதலில் வரும் முகவரியை நம்பிக் கார்ட் இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம். அரசாங்க முகவரி எப்போதும் கவ் டொட் எல்கே என்றுதான் முடியும். அதே மாதிரிப் படம் போட்டு, இரண்டு மடங்கு காசு வாங்கும் தளங்கள் இருக்கின்றன.

வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று மாதம் மட்டும் வந்து போகிறவருக்கு இதுவே போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். பக்கத்து வீட்டுக்காரர் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தார் என்பதற்காக நீங்களும் இலட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் நாலு மாதத்தைத் தாண்டுகிறது, இனிமேலும் அப்படித்தான் என்றால், வருடா வருடம் நீடிப்புக்கு அலைவதை நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பது நல்லது. அப்புறம், ஆறு மாதம் முடிய சென்னைக்கு ஒரு எட்டுப் போய்விட்டு அடுத்த நாளே திரும்ப வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சுற்றுலா விசாவில் வருடம் முழுக்கக் குடியிருக்கிறீர்கள் என்று அதிகாரிக்குப் பட்டால் உள்ளே விடுவதும் விடாததும் அவருடைய முடிவு. வீட்டையும் சாமானையும் இங்கே வைத்துக்கொண்டு அந்த விளையாட்டில் இறங்க வேண்டாம்.

இலங்கையில் பிறந்து வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தவருக்கு நீண்டகால வழி இரட்டைப் பிரஜாவுரிமைதான். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்த அன்றே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் அலுமாரியில் இருக்கிறதுதானே என்பார்கள். இருந்தாலும் நீங்கள் பிரஜை இல்லை, அதைக் காட்டி உள்ளே வருவது குற்றம். அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவில்தான் இழந்ததைத் திரும்பப் பெறவும், இன்னும் இழக்காதவர் முன்கூட்டியே தக்கவைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. இந்த வருடம் கனடாப் பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுக்கப் போகிறவர் யாராவது இதை வாசித்தால், அந்த நாளுக்கு முன்பே தக்கவைக்கும் விண்ணப்பத்தைப் பற்றி விசாரியுங்கள்.

எந்த அடிப்படையில் கேட்பது? 55 வயதைத் தாண்டியிருந்தால் அந்த வயதே ஒரு தகுதி. இல்லாவிட்டால் படிப்பு அல்லது தொழில் தகைமை, அல்லது இங்கே 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத அசையாச் சொத்து, அல்லது அதே அளவு தொகையை மூன்று வருடம் நிலையான வைப்பில் போடுவது, அல்லது 25,000 டொலர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைப்பது, இப்படிப் பல வாசல் இருக்கிறது. வீட்டைக் காட்டிக் கேட்பது சுலபம் போலத் தெரியும், இன்றைய விலைக்குக் கல்லடியில் ஒரு வீடும் வளவும் 25 இலட்சத்தைத் தாண்டாமல் இருக்காது. ஆனால் உறுதி உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், காணிப் பதிவகத்தின் பிரதியும் மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். வீடு மனைவியின் சீதனமாக இருந்தால் புருஷன் அதைக் காட்ட முடியாது. அம்பாறைப் பக்கம், படுவான்கரைப் பக்கம் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியில் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். பெர்மிட் காணி உறுதிக் காணி இல்லை, பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாற்றவும் முடியாது. அதை நம்பிச் சொத்துப் பிரிவில் போகாமல் வயதையோ வங்கி வைப்பையோ காட்டுங்கள்.

உங்கள் இப்போதைய நாடு இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா ஆட்களுக்குப் பிரச்சினை இல்லை. டென்மார்க் 2015 இலும் நோர்வே 2020 இலும் அனுமதித்துவிட்டன. ஜேர்மனி 2024 ஜூன் 27 இல் இருந்துதான் பொதுவாக அனுமதிக்கிறது. நெதர்லாந்து, ஒஸ்திரியா, சிங்கப்பூர் ஆட்கள் கவனம், அங்கே இன்னொரு பிரஜாவுரிமையைத் தேடி எடுத்தால் கையில் உள்ளதே போகக்கூடும்.

அப்படிப்பட்டவர்களுக்கும், இலங்கையராகவே இருந்திராத துணைக்கும் வதிவிட விசாதான் பொருந்தும். முன்னாள் இலங்கையருக்கு ஒரு வதிவிட விசாப் பிரிவு இருக்கிறது, இலங்கைப் பிரஜையின் கணவன் மனைவிக்கு இன்னொன்று. ஒருவர் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டால் அவரும் இலங்கைப் பிரஜைதான், ஆகவே வெள்ளைக்கார மருமகளோ பிலிப்பீன்ஸ் மனைவியோ அவர் மூலமாகத் துணை விசா கேட்கலாம். 55 வயது கடந்த எந்த வெளிநாட்டவருக்கும் ‘மை ட்ரீம் ஹோம்’ என்ற விசா இருக்கிறது. 15,000 டொலரை இங்கே வங்கியில் வைப்பில் போட்டு, மாதா மாதம் செலவுக்கு வெளிநாட்டில் இருந்து காசு எடுப்பிக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு இலட்சம் டொலர் வைப்புக்குப் பத்து வருடம் தரும் ‘கோல்டன் பரடைஸ்’ விசாவும் 2022 இல் வந்தது. ஊரில் பிறந்தவருக்கு அது தேவைப்படாது.

காணியைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்து, இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காதவரும் அந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவரே. பெற்றோரின் காணி முதுசமாக வருவதற்கு விலக்கு உண்டு, ஆனால் பக்கத்து வளவு விலைக்கு வருகிறது, வாங்கிப் போடுவோம் என்று நினைத்தால் முடியாது. அண்ணன் பெயரில் வாங்குவோம், மறுகா மாற்றுவோம் என்று வாங்கி, கடைசியில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. பிற்காலத்தில் காணி வாங்கும் எண்ணம் இருந்தால், நிற்கும் நாட்கள் குறைவாக இருந்தாலும் இரட்டைப் பிரஜாவுரிமையை எடுத்துவிடுங்கள்.

இனி அந்தப் பக்கக் கணக்கு. சுவிஸில் ஓய்வூதியத்தோடு துணைக் கொடுப்பனவு எடுப்பவர் ஒரு வருடத்தில் 90 நாளுக்கு மேல் வெளியே நின்றால் அந்தக் கொடுப்பனவு நிறுத்தப்படும், 2021 இல் இருந்து இதுதான் சட்டம். லண்டனில் குறைந்த வருமான ஓய்வூதியருக்குக் கொடுக்கும் பென்ஷன் கிரெடிட் பொதுவாக நாலு கிழமையோடு நின்றுவிடும். கனடாவில் வருமான நிரப்புத் தொகை ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நிற்கும், ஒன்ராறியோ மருத்துவ அட்டைக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது அங்கே நிற்க வேண்டும். பிரான்ஸில் முதியோர் ஆதரவுத் தொகை எடுப்பவர் 2023 செப்டம்பரில் இருந்து வருடத்தில் ஒன்பது மாதம் அங்கேயே இருக்க வேண்டும். இங்கே ஆறு மாத விசா கிடைத்தது என்பதற்காக ஆறு மாதமும் நின்றுவிட்டுப் போய், அங்கே வாங்கிய கொடுப்பனவைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த வயதில் அது தாங்க முடியாத பாரம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இங்கேயும் ஒரு வரம்பு உண்டு: 183 நாளோ அதற்கு மேலோ நின்றால் வரிச் சட்டப்படி இலங்கையில் வதிபவராகக் கணக்கெடுக்கப்படலாம், வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வரும். அந்த எல்லையை நெருங்குபவர் ஒரு கணக்காளரிடம் பேசுங்கள்.

கடைசியாகக் கடதாசிகள். அக்காவின் விண்ணப்பம் எட்டு மாதம் இழுபட்டதற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. அம்மா பழைய பிஸ்கட் ரின்னில், சுனாமிக்குத் தப்பிய கடதாசிகளை ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தா. அதில் இருந்த பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் நடுவில் ஒரு எச் கூடுதல், சுவிஸ் பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகி, கடைசி எழுத்து விழுந்துபோயிருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கும் வரை கோவை நகரவில்லை. இடையில் ஒரு ஏஜென்ட் நான் முடித்துத் தருகிறேன் என்று காசு வாங்கினார், அவரும் கேட்டது அதே சத்தியக்கடதாசியைத்தான். ஆகவே எல்லாக் கடதாசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். வெளிநாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழும், அங்கே பிரஜாவுரிமை எடுத்த சான்றிதழும் அங்கிருந்தே கொண்டுவர வேண்டியவை, இங்கே வந்து தேட முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை உங்கள் நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்திலும் கொடுக்கலாம் என்பதால், முடிந்தவர்கள் அங்கேயே தொடங்குங்கள்.

இங்கே வந்துதான் செய்ய வேண்டும் என்றால், கட்டுநாயக்கவில் இறங்கியதும் நேராக ஊருக்கு வான் பிடிக்காமல் இரண்டு நாள் கொழும்பில் தங்கி, பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களக் காரியாலய வேலையை முடித்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைக் கண்டு, கடற்கரைக் காற்றும் பட்டுவிட்டால் 300 கிலோமீற்றர் திரும்ப பஸ் ஏற யாருக்கும் மனம் வராது. கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் மழை வெள்ளத்துக்கும் இடம் விட்டு, விசா முடிய இரண்டு கிழமைக்கு முன்பே நீடிப்பைக் கேட்டுவிடுங்கள்.