பாதியில் நின்ற அப்கிரேடு: ஸ்கிரிப்ட்டின் வாயை அடைக்காதீர்கள்

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மிண்ட் என எதை வைத்திருந்தாலும் என்றாவது ஒருநாள் அப்கிரேடு செய்கையில் முனையத்தில் (கட்டளை இடும் திரையில்) இப்படி ஒரு செய்தி வரும்: இன்ன பொதியின் (மென்பொருள் தொகுப்பின்) போஸ்ட்-இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்ட் (நிறுவிய பின் ஓடும் கட்டளைக் கோப்பு) 1 என்ற பிழை எண்ணோடு முடிந்தது. அதற்குக் கீழே, பொதிகளைத் தரவிறக்கிக் கொண்டுவரும் ஆப்ட் தன் பங்குக்கு, அவற்றை நிறுவும் டிபிகேஜி பிழை எண் 1 தந்துவிட்டது என்று முடிவுரை எழுதும். பெரும்பாலோர் அந்த முடிவுரையை நகலெடுத்துத் தேடுபொறியில் இடுகிறார்கள். வருகிற விடைகள் நூறு விதம். வராமல் என்ன செய்யும்? வட்டு நிறைந்தாலும், ஒரு சேவை தொடங்க மறுத்தாலும், பைத்தானை யாரோ கெடுத்து வைத்திருந்தாலும் அந்தக் கடைசி வரி ஒன்றேதான்.

பார்க்க வேண்டியது அதற்கு மேலே. ‘செட்டிங் அப்’ என்று அந்தப் பொதியின் பெயரோடு தொடங்கும் வரிக்கும் முதல் பிழை வரிக்கும் நடுவில்தான் உண்மையான காரணம் இருக்கும். திரையில் ஓடி மறைந்துவிட்டதென்றால் கவலை இல்லை, ‘/வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக்’ கோப்பில் முழு உரையாடலும் பதிவாகியிருக்கும். (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்துகளில் இடவும்.) இருபது பொதிகள் தோற்றதாகப் பட்டியல் வந்தாலும் மிரள வேண்டாம். ஒன்று உண்மையில் தோற்றிருக்கும். மற்றவை அதைச் சார்ந்திருப்பதால் காத்து நிற்கும். சார்புச் சிக்கல் என்று சொல்லும் வரிகளைத் தள்ளிவிட்டு, அப்படிச் சொல்லாத ஒன்றைத் தேடுங்கள்.

யாருடைய ஸ்கிரிப்ட் தோற்றது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. பாதிக் குழப்பம் அதனால்தான்.

ஒரு டெப் பொதியோடு நான்கு பராமரிப்பு ஸ்கிரிப்ட்டுகள் வரலாம்: ப்ரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட், ப்ரீஆர்எம், போஸ்ட்ஆர்எம். முறையே நிறுவுமுன், நிறுவிய பின், நீக்குமுன், நீக்கிய பின் ஓடுபவை. நிறுவிய பிறகு இவை ‘/வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ’ அடைவில், பொதியின் பெயரோடு கிடக்கும். அப்கிரேடு நடக்கும்போது முதலில் ஓடுவது பழைய பதிப்பின் ப்ரீஆர்எம். அடுத்து புதிய பதிப்பின் ப்ரீஇன்ஸ்ட். பின்னர் கோப்புகள் விரிக்கப்படும். பழைய போஸ்ட்ஆர்எம் ஓடும். எல்லாம் முடிந்து, புதிய போஸ்ட்இன்ஸ்ட் அமைவுகளைச் செய்யும். அதாவது பழையதும் புதியதும் மாறி மாறிப் பேசுகின்றன.

பிழை பழைய ப்ரீஆர்எம்மில் இருந்தால் புதிய டெப் கோப்பை எத்தனை முறை தரவிறக்கினாலும் பயனில்லை. ஏற்கெனவே உங்கள் வட்டில் இருக்கும் ஸ்கிரிப்ட்தான் ஓடித் தோற்கிறது. டிபிகேஜி இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: பழைய ப்ரீஆர்எம் தோற்றால் புதிய பொதியின் ப்ரீஆர்எம்மை ‘ஃபெயில்டு-அப்கிரேடு’ என்ற சொல்லோடு அழைத்துப் பார்க்கும். அதுவும் கைவிட்டால்தான் அப்கிரேடைக் கைவிடும். இந்த ஒரு நிலையில் மட்டும், இன்ஃபோ அடைவில் உள்ள பழைய ப்ரீஆர்எம்மில் தவறான வரியைக் கையால் திருத்துவது நியாயம் என்பேன். அது போகப்போகிற பதிப்பின் ஸ்கிரிப்ட்.

‘எக்ஸிட் 0’ என்னும் கைவைத்தியம்

போஸ்ட்இன்ஸ்ட் தோற்கிறதா, அதன் இரண்டாம் வரியில் ‘எக்ஸிட் 0’ எழுது, அல்லது கோப்பையே அழித்துவிடு. இணையத்தில் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது இதுதான். மிகுதியான கேடும் இதனால்தான். டிபிகேஜி உடனே அமைதியாகிவிடும், பொதி நன்றாக நிறுவப்பட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளும். தூதனைக் கொல்லக் கூடாது என்று இராவணனிடம் வீடணன் சொன்னது இங்கேயும் பொருந்தும்: ஸ்கிரிப்ட் பெரும்பாலும் உங்கள் கணினியில் உள்ள கோளாறைச் சொல்லத்தான் நின்றது.

இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பொதியை எடுத்துக்கொள்வோம். அதன் போஸ்ட்இன்ஸ்ட் ‘/எட்சி/கெர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி’ அடைவில் உள்ளவற்றை ஓட்டும். கணினி தொடங்கும்போது ரூட் கோப்பு முறைமையை ஏற்ற உதவும் இனிட்ஆர்டி கோப்பு உருவாவதும், என்விடியா போன்ற வெளி மாடியூல்களை (கெர்னலோடு இணையும் துணைநிரல்களை) டிகேஎம்எஸ் என்ற கருவி புதிய கெர்னலுக்கேற்ப மறுபடி கட்டுவதும் அப்போதுதான். வாயை அடைத்துவிட்டால் இவை எதுவும் நடக்காது. கெர்னல் கோப்பு மட்டும் ‘/பூட்’டில் இருக்கும். பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான க்ரப்பின் பட்டியல் புதுப்பிக்கப்படும்போது அந்தக் கெர்னல் முதலிடத்தில் வந்து உட்காரும். அடுத்த முறை கணினியைத் தொடங்கினால், ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பானிக், அதாவது கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிடும். அப்போது யாருக்கும் அந்த ‘எக்ஸிட் 0’ நினைவுக்கு வராது.

டிகேஎம்எஸ் தோற்றதாகச் செய்தி வந்தால் படிக்க வேண்டியது ‘/வார்/லிப்/டிகேஎம்எஸ்’ அடைவில் அந்த மாடியூலின் கீழுள்ள ‘மேக்.லாக்’. பழைய என்விடியா டிரைவர் புதிய கெர்னலோடு ஒத்துப்போகாதது என்றால், டிரைவரை மாற்றுவதுதான் தீர்வு.

ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டுவது

கோளாறைப் பார்க்கத் துணிந்தவர்கள் அடுத்துச் செய்வது, போஸ்ட்இன்ஸ்ட் கோப்பை நேராக முனையத்தில் ஓட்டுவது. ஒன்றும் நடக்காது, அல்லது தெரியாத வாதம் என்று திட்டு விழும். டிபிகேஜி அதை ‘கான்ஃபிகர்’ என்ற சொல்லோடும் முன்பு அமைக்கப்பட்டிருந்த பதிப்பெண்ணோடும் அழைக்கிறது. கூடவே சில சூழல் மாறிகளையும் கொடுக்கிறது. அவை இல்லாமல் ஓடும் ஸ்கிரிப்ட் வேறு ஸ்கிரிப்ட். அதோடு டெபியனிலும் உபுண்டுவிலும் ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் ‘/பின்/எஸ்எச்’ என்பது டாஷ். முனையத்தில் வழக்கமாக இருக்கும் பாஷ் கொண்டு ஓட்டினால் அங்கே தோற்றது இங்கே ஜெயித்துக் குழப்பும்.

சரியான வழி எளியது. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ‘செட் -எக்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர்’ என்பதோடு பொதியின் பெயரைக் கொடுங்கள். ஒவ்வொரு வரியும் ஓடும்போதே திரையில் தெரியும். கடைசியாகத் தெரிவதுதான் குற்றவாளி. இதற்கு ‘எக்கோ’ வரிகளைத் தூவும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறுவும்போது கேள்வி கேட்டு விடைகளைக் குறித்து வைக்கும் டெப்கான்ஃபைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட்டில் வழக்கமான வெளியீடு உங்கள் திரைக்கு வராமல் போகலாம். டெப்கான்ஃப் அதைத் தனக்கான கட்டளை என்று எண்ணிக்கொள்ளக்கூடும். நீங்கள் சேர்த்த ‘இங்கே வந்துவிட்டேன்’ என்ற வரியே புதிய பிழையாகலாம். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் பிழை வெளியீட்டுக்கு, அதாவது இரண்டாம் எண் வாயிலுக்குத் திருப்பி எழுதுங்கள்.

பிழை எண்ணையும் பாருங்கள். 127 என்றால் ஸ்கிரிப்ட் தேடிய கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கட்டளை இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை.

எண்டர், எண்டர், எண்டர்

அமைவுக் கோப்பை நீங்கள் மாற்றியிருந்து, புதிய பதிப்பும் அதை மாற்றியிருந்தால் டிபிகேஜி நின்று கேட்கும். படிக்காமல் எண்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பு அப்படியே இருக்கும். பெரும்பாலும் அதுவே நல்லது, எப்போதும் அல்ல. உபுண்டு 18.04இல் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 5.7 இருந்தது, அதன் அமைவுக் கோப்பில் ‘க்வெரி கேஷ்’ பற்றிய வரிகளும் இருந்தன. 20.04இல் வந்தது 8.0, அதில் க்வெரி கேஷ் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. பழைய கோப்பை வைத்துக்கொண்டால், தெரியாத மாறி என்று சொல்லி சர்வர் தொடங்க மறுக்கும். சேவை தொடங்காததால் போஸ்ட்இன்ஸ்ட் தோற்கும். ஸ்கிரிப்ட்டை எத்தனை முறை வாசித்தாலும் இது புலப்படாது. சேவைகளின் பதிவைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையிலும் மைஎஸ்க்யூஎல்லின் பிழைப் பதிவிலும்தான் விடை.

இந்த இடத்தில் பொறுமை இழந்து பொதியை ‘பர்ஜ்’ செய்து (அமைவுகளோடு சேர்த்து நீக்கி) மறுபடி நிறுவுபவர்கள் உண்டு. தரவுத்தளங்களையும் நீக்கட்டுமா என்ற கேள்விக்கும் அதே வேகத்தில் ஆம் சொல்லிவிடுவார்கள். தேவையே இல்லை. பராமரிப்பு ஸ்கிரிப்ட்டுகள் பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது டெபியன் கொள்கை ஆவணத்தின் விதி. காரணத்தைச் சரிசெய்துவிட்டு ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்தால் போதும்.

பூட்டை உடைப்பது

இரண்டு செயல்முறைகள் ஒரே நேரத்தில் பொதிகளைத் தொடாதிருக்க ஒரு பூட்டு உண்டு. அது வேறொரு செயல்முறையிடம் இருப்பதாக ஆப்ட் சொன்னால், ‘லாக்’ கோப்புகளை அழித்துவிடச் சொல்லும் அறிவுரை உடனே கிடைக்கும். அந்தக் கோப்புகள் யாரும் பூட்டாதபோதும் அங்கேயேதான் இருக்கும். பூட்டு என்பது, கோப்பின் மீது ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை கெர்னலிடம் பெற்றிருக்கும் பிடி. கோப்பை அழித்தால் முதல் செயல்முறை தன் வேலையைத் தொடரும். நீங்கள் தொடங்குவது புதிய கோப்பைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடும். பொதிகளின் நிலையை டிபிகேஜி குறித்து வைக்கும் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் பூட்டு, பின்னணியில் தானாகப் புதுப்பிக்கும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ கையில் இருக்கும். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே உடைத்துவிட்டவர்களுக்கு: ‘/வார்/பேக்கப்ஸ்’ அடைவில் ‘டிபிகேஜி.ஸ்டேட்டஸ்’ என்று தொடங்கும் பழைய நகல்கள் இருக்கும்.

பைத்தானும் பூட் பகிர்வும்

புதிய பைத்தான் வேண்டும் என்று ‘/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ இணைப்பை மாற்றி வைப்பது மேசைக்கணினிகளில் பரவலான தவறு. உபுண்டு 20.04இல் கணினியின் சொந்தப் பைத்தான் 3.8. ஆப்ட்டின் பைத்தான் மாடியூல் அதற்கென்றே தொகுக்கப்பட்டது. இணைப்பு 3.11க்குப் போனால் ‘ஆப்ட்_பிகேஜி’ கிடைக்கவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகள் வரும். ஏராளமான பொதிகள் தம் ஸ்கிரிப்ட்டுகளில் பைத்தானைக் கூப்பிடுவதால், பைத்தானோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றுபவையும் தடுமாறும். சில பதிப்புகளில் க்னோம் டெர்மினலே திறக்காது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் இணைப்பைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். புதிய பைத்தானைப் பக்கத்தில் வைத்து, வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் பயன்படுத்திக்கொள்ளலாமே.

வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு ‘/பூட்’ தனிப் பகிர்வாக, சிறியதாக இருக்கும். பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிறைந்ததும் இனிட்ஆர்டி எழுத இடமில்லாமல் ஸ்கிரிப்ட் தோற்கும்; அந்தச் சிக்கல் தீராமல், தேவையற்ற பொதிகளை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’கூட ஓட மறுக்கும். அதற்காக ‘/பூட்’டில் உள்ளதையெல்லாம் வாரி அழிக்காதீர்கள். ‘யூநேம் -ஆர்’ கொடுத்து இப்போது ஓடும் கெர்னல் எது என்று பாருங்கள். அது அல்லாத, மிகப் பழைய ஒன்றின் இனிட்ஆர்டியை மட்டும் நீக்கி இடம் உண்டாக்கி, ‘--கான்ஃபிகர் -ஏ’, அதன்பின் ‘ஆட்டோரிமூவ்’.

தோற்காமலே கெடுக்கும் ஸ்கிரிப்ட்

கடைசியாக ஒன்று, இதில் பிழைச் செய்தியே வராது. பழைய பயாஸ் முறையில் தொடங்கும் கணினிகளில் க்ரப்-பிசி பொதி, எந்த வட்டில் தன்னை எழுத வேண்டும் என்பதை டெப்கான்ஃபில் வட்டின் அடையாளத்தோடு குறித்து வைத்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு நகலெடுத்த எஸ்எஸ்டியைப் பொருத்தினால் அந்தக் குறிப்பு மாறாது. பழைய வட்டு கழற்றப்பட்டிருந்தால் ஸ்கிரிப்ட் கூச்சலிடும். இரண்டாம் வட்டாக உள்ளேயே இருந்தால் சத்தமில்லாமல் அதில் எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறைக்கான க்ரப் புதுப்பிப்பு வந்தபோது, இப்படித் தவறான வட்டு குறிக்கப்பட்டிருந்த கணினிகள் பல, ‘க்ரப்_கேலாக்’ கிடைக்கவில்லை என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றன. தொடக்க வட்டில் பழைய மையப் பகுதி, கோப்பு முறைமையில் புதிய மாடியூல்கள், இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

வட்டை மாற்றியதும் ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-பிசி’ ஒருமுறை ஓட்டிவிடுங்கள். வட்டுப் பட்டியல் வரும் திரையில் குறியிடுவது ஸ்பேஸ் விசை. எண்டர் தட்டினால் எதையும் தேர்ந்தெடுக்காமலே அடுத்த திரைக்குப் போய்விடும். பட்டியலில் பகிர்வுகளும் தெரியக்கூடும்; எண்ணோடு முடியும் ‘எஸ்டிஏ1’ அல்ல, முழு வட்டான ‘எஸ்டிஏ’ போன்றதைக் குறியுங்கள்.